அவிழ்த்து வைத்த அரைஞாண் கயிறு

என் கைப்பையின் உள் அறையில், அடையாளக் கார்டுக்குப் பின்னால், ஒரு சின்ன பிளாஸ்டிக் பை இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மாத்திரை போட்டுத் தருவார்களே, வாயை விரலால் அழுத்தி மூடுகிற பை, அதுதான். மேலே நீல மையில் என் அண்ணனின் பெயர். அதற்குக் கீழே, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று மலாயில் அச்சடித்திருக்கும் இடத்தில், இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு, தமிழில் 'பத்திரம்' என்று ஒரே ஒரு சொல். பைக்குள் ஒன்றும் இல்லை. நான் வேலை செய்யும் கையுறை ஃபேக்டரியில் வாசலில் பையைச் சோதிக்கும் பெண் ஒருமுறை இதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, குப்பையா என்று கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் அப்படியே உள்ளே வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் என் பையை அவள் திறந்து பார்ப்பதே இல்லை.

அதற்குள் ஒரு காலத்தில் கறுப்புக் கயிறு ஒன்று இருந்தது. அண்ணனின் அரைஞாண் கயிறு. எங்கள் தோட்டத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். பிள்ளை வளர வளரக் கயிறும் மாறும், ஆனால் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. புதுக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழையதை அறுக்கலாம். கயிறில்லாத இடுப்பு பிணத்துக்குத்தான். ஒருவர் செத்தால் குளிப்பாட்டும்போது அதை அறுத்துவிடுவார்கள். அம்மா தீபாவளிக்கு முந்தின நாள் அண்ணனுக்குக் கயிறு மாற்றுவாள். அவனுக்கு மீசை முளைத்து, லோரி லைசென்ஸ் எடுத்து, ஒருத்தியைக் காதலித்து, அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அம்மாதான் மாற்றினாள். முடிச்சை இறுக்குமுன் கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். "சாப்புட்டா வயிறு பெருக்கணும்ல. புள்ள தாராளமா சாப்புடணும்" என்பாள். அண்ணன் வயிற்றை உப்பிக்கொண்டு, "இன்னும் ரெண்டு வெரலு விடும்மா, நாளைக்குக் கோழி லா" என்று கூத்தடிப்பான். நாங்கள் மூவரும் சிரிப்போம்.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா இறந்துபோய்விட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் வேலைக்குப் போனான். சீக்கிரமே அதே லோரியை ஓட்டத் தொடங்கினான். பிறகு தோட்டத்தை விட்டு வெளியே, தெற்கே பட்டர்வொர்த் துறைமுகம், வடக்கே எல்லை வரைக்கும் சரக்கு ஏற்றிப் போகிற பெரிய லோரி. முன்பல் இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு சந்து உண்டு. அதன் வழியாக அவன் அடிக்கும் சீட்டி தோட்டத்து லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். நான் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போன முதல் வாரம், கூட வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்தப் பெரிய லோரியை ஃபேக்டரி வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, ஹார்ன் அடித்து, "பாப்பா, ஏறு லா, வீட்டுக்குப் போலாம்" என்று கத்தினான். வெட்கத்தில் என் மானம் போய்விட்டது. ஆனாலும் ஏறிப் போனேன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து நம் ஊரைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போதை என்றதும் ஜனங்கள் என்னவோ ஒருவன் ஒரு நல்ல நாள் பார்த்துக் கெட்டுப்போக முடிவெடுத்தான் என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனுக்கு அது வேலையிலிருந்து வந்தது. கண் மூடாமல் ஓட்ட முதலில் ஒரு மாத்திரை. பில் குடா, குதிரை மாத்திரை என்பார்கள். அது போதாமல் ஆனதும் ஐஸ். அதைப் புகைத்தால் இரண்டு நாள் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்தால் தூங்க வேண்டுமே, அதற்குத் தூக்க மாத்திரை, பட்டை பட்டையாக. குலை ஏற்றிய காலத்து முதுகுவலிக்குக் கெத்தும் என்கிற போதை இலையை அவித்த தண்ணீர், தேநீர் மாதிரி பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டு. அதுவும் கேட்காத வலிக்கு ஒரு கூட்டாளி ஹெராயின் பவுடரைக் காட்டினான். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு ஒன்று. கடைசியில் லோரி போய்விட்டது, லைசென்ஸ் போய்விட்டது, சீட்டி போய்விட்டது. ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, வாசற்படியில் குறுகி உட்கார்ந்திருந்தவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "பாப்பா, என்னை எங்கியாச்சும் கொண்டு போய்ப் போட்டுரு. இங்க இருந்தா செத்துருவேன்" என்றான். யாரும் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை. அவனே கேட்டான். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்டவர்களைப் படுக்க வைத்து, உடம்பிலிருந்து விஷத்தை இறக்குகிற வார்டு ஒன்று இருந்தது. இரும்புக் கதவு, உள்ளே சுத்தமான வெள்ளைச் சுவர். எங்களை உள்ளே விட்டவர் ஒரு தமிழர், அங்கே மருத்துவ உதவியாளர். அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற ஆண் யாராக இருந்தாலும் டிரஸர்தான், தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்துப் பழக்கம். அதனால் எங்களுக்கும் அவர் டிரஸர் ஆகிவிட்டார். வார்டுக்குள் கயிறு என்று எதுவும் போகக் கூடாது, அதுதான் சட்டம். போதை இறங்கும்போது மனசு என்ன செய்யச் சொல்லும் என்று யாருக்கும் தெரியாதாம். அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான், சப்பாத்துக் கயிற்றை உருவிக் கொடுத்தான். சட்டையைத் தூக்கச் சொன்னதும் இடுப்பில் கறுப்புக் கயிறு தெரிந்தது. கூட நின்ற ஓர் உதவியாள் பழக்கமாகக் கத்தரிக்கோலை எடுத்தார். அம்மா பாய்ந்துபோய் அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு அர்ணாக்கயிற அறுப்பீங்களா? அறுக்காதீங்கய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டுக்குள் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

டிரஸர் கத்தரிக்கோலை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். "அறுக்க மாட்டோம்மா. அவுத்துத்தான் எடுப்பேன், சரியா?" என்றார். அப்புறம் அவர் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வருஷம் முழுக்க வியர்வையும் குளித்த தண்ணீரும் இறுக்கி, அந்த முடிச்சு மிளகு மாதிரி கெட்டித்துக் கிடந்தது. அவர் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி எடுத்து வந்து, அண்ணனுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, முடிச்சை நனைத்து நனைத்து, முனை மழுங்கின ஒரு சின்ன இடுக்கியால் இழை இழையாக நெகிழ்த்தினார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. அண்ணனுக்கு அதற்குள்ளேயே மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது, கொட்டாவி மேல் கொட்டாவி, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. அந்த நிலையிலும், "மெதுவாண்ணே, கூச்சமா இருக்கு" என்று சிரித்தான். முடிச்சு அவிழ்ந்ததும் டிரஸர் கயிற்றைத் துடைத்து, சுருட்டி, மருந்துப் பையில் போட்டு, பெயர் எழுதி என் கையில் கொடுத்தார். "வெளிய வர்ற அன்னிக்கு, இந்தக் கதவுகிட்டயே கட்டி விட்ருங்க தங்கச்சி. வெறும் இடுப்போட வீட்டுக்குப் போக வேணாம்" என்றார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது. அண்ணன் டாக்டரிடம் பவுடரையும் ஐஸையும் சொன்னான், தூக்க மாத்திரையைச் சொல்லவில்லை. கிளினிக்கில் விற்கிற பொருள் எப்படிப் போதையாகும் என்று அவன் நினைப்பு. கெத்தும் தண்ணீர் இலைதானே, மூலிகைதானே, அதையும் சொல்லவில்லை. மறுநாள் பார்க்கப் போனபோது அவன் கை நடுங்குகிற விதம் வேறு மாதிரி இருக்கிறதே என்று டிரஸர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். வீட்டில் அவன் மெத்தைக்கு அடியில் நான் கண்ட காலிப் பட்டைகளைச் சொன்னேன். அவர் அந்த நிமிஷமே டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், வயசில் என்னைவிடச் சின்னவர். பொறுமையாக உட்கார்ந்து எனக்கு விளக்கினார். பவுடரை நிறுத்தினால் செத்துப்போகிற மாதிரி இருக்கும், ஆனால் பொதுவாக உயிர் போகாது. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத்தான் இறக்க வேண்டும், சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக. அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அண்ணனுக்கு வலிப்பு வந்துவிட்டது. கட்டில் இரும்பு தடதடவென்று ஆடிய சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. டிரஸர் அவனைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்ட பிறகு அடங்கினான். அன்றைக்கு அவர்கள் இல்லையென்றால் அவன் அன்றைக்கே போயிருப்பான்.

பிறகு மெல்ல மெல்லத் தேறி வந்தான். முதலில் கால் உதைப்பு நின்றது. வயிற்றுப்போக்கு நின்றது. ஐஸ் இறங்கினவர்களுக்கு வருகிற பசி வந்தது, கண்டதையெல்லாம் தின்றான். அம்மா இரண்டு பஸ் மாறி, சம்பல் நெத்திலியும் சோறும் தூக்கில் கொண்டு வருவாள். அவன் சாப்பிடுவதை அவள் பார்க்கிற பார்வையை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கன்னம் உப்பியது. பக்கத்துக் கட்டிலில் கோலா கெடாவிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார மீனவர், அவரும் அண்ணனைப் போல எல்லாவற்றையும் கலந்து பார்த்தவர். இரண்டு பேரும் யாருக்கு அதிகம் வாந்தி வந்தது என்று போட்டி பேசிச் சிரிப்பார்கள். ஒருநாள் நான் வார்டுப் படி ஏறும்போது சீட்டிச் சத்தம் கேட்டது. பல் சந்து வழியாக வருகிற அதே சீட்டி. நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் மேலே போனேன். "என்ன பாப்பா, கண்ணு செவந்திருக்கு? நீயும் ஏதாச்சும் எடுக்கிறியா?" என்று கேட்டான், கழுதை.

வெளியே விடுகிற அன்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். டிரஸர் அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். "அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. ஒடம்பு கழுவியாச்சு. அந்த ஒடம்புக்கு இப்பப் பழைய அளவு தாங்காது. ஆனா மனசுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். பழசுல பாதி எடுத்தாக்கூட மூச்சு நின்னுரும். அதனால இவரை வீட்டுல வெச்சிருக்காதீங்க. அந்த இல்லத்துல எடம் கெடைச்சதும் நேரா அங்க அனுப்பிருங்க." கோத்தா கோலா மூடாப் பக்கம் கடலோரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருந்தது. அங்கே பல மாதம் தங்கி வேலை பழகலாம். இடம் காலியானதும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தலையை ஆட்டினான். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

இரும்புக் கதவைத் தாண்டியதும் நான் பையைத் திறந்து கயிற்றை எடுத்தேன். அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவிழ்த்த கயிறு, எத்தனை பேர் செத்த இடமோ, அப்படியே கட்டினால் தீட்டையும் சேர்த்துக் கட்டின மாதிரி. முனியாண்டி காலடியில் வைத்து, வெள்ளிக்கிழமை பூசை பண்ணி, அவளே கட்டிவிடுவாள். "மறுபொறப்பு எடுத்து வந்திருக்கான். சும்மா ரோட்டுல நின்னா கட்டுறது?" என்றாள். அன்று திங்கட்கிழமை. நான் டிரஸர் சொன்னதைச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அண்ணன், "விடு பாப்பா, அம்மா ஆசைப்படுது" என்று சட்டையை இறக்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை இல்லத்திலிருந்து போன் வந்தது. இடம் இருக்கிறது, நாளைக்கே வரலாம் என்றார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம், ஆனால் கயிறில்லாத இடுப்போடு பிள்ளையைக் கடலோரத்துக்கு, ஊர் தெரியாத இடத்துக்கு அனுப்ப அவளால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடியட்டும், சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து விடுகிறோம் என்று கேட்கச் சொன்னாள். நான் வாதாடினேன். குரலை உயர்த்தினேன். புதுக் கயிறு ஒன்று வாங்கி இப்போதே கட்டு என்றேன். "அவுத்த கயிறு இருக்கும்போது புதுசு கட்டுனா, பழச அறுத்த மாதிரிதான்டி" என்றாள். இல்லத்துக்காரர் நல்ல மனுஷர், சனிக்கிழமைவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். நாலு நாள்தானே என்று எல்லோரும் நினைத்தோம். இதில் யாரைக் குற்றம் சொல்வது? கயிற்றை அறுக்காமல் அவிழ்த்துக் கொடுத்தவரையா, அதை மறுபடி கட்டும்போது குறையில்லாமல் கட்ட நினைத்தவளையா? இரண்டு பேரும் அவனை உயிரோடு வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார்கள்.

அந்த நாட்களில் அண்ணன் வீட்டுக் கூரையில் ஒழுகும் தகரத்தை மாற்றினான். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தான். ஆனால் கை அடிக்கடி இடுப்புக்குப் போகும், அங்கே ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்துத் திரும்பும். "ஒரு மாதிரி அம்மணமா இருக்கு பாப்பா" என்றான். வியாழக்கிழமை சாயங்காலம் சிகரெட் வாங்கச் சந்திக் கடைக்குப் போனான். அங்கே பழைய கூட்டாளி ஒருவன் இருந்தானாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு என்ன பேசினார்கள், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு அலைந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரி வந்து படுத்தவன் எப்போது எழுந்து போனான் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி கோயிலைக் கூட்ட வந்தபோது பக்கத்திலிருந்த பழைய ஆயாக் கொட்டகையின் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அம்மாக்கள் பால் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது பாழடைந்து கிடக்கிறது, ஏணை கட்டின கொக்கிகள் மட்டும் உத்தரத்தில் வரிசையாகத் துருப்பிடித்துத் தொங்குகின்றன. அண்ணனும் நானும் குழந்தையில் தூங்கின இடம்தான். அவன் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பழைய அளவுகூட இல்லை, அதைவிடக் குறைவாகத்தான் எடுத்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். பூசாரி சத்தம் போட்டபோது அம்மா பூசைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். மாலையோடே ஓடிவந்தாள். நான் அந்தக் கொட்டகை வாசலில் பார்த்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். இல்லத்துக்குப் போக வேண்டிய சனிக்கிழமை. குளிப்பாட்டும்போது கோயில் தலைவர் பிளேடை எடுத்துக்கொண்டு இடுப்பைப் பார்த்தார். "கயிறு எங்க?" என்றார். ஆண்கள் மட்டும் நிற்கிற இடத்துக்கு அம்மா எழுந்து வந்தாள். என்னை முனியாண்டி கோயிலுக்கு அனுப்பினாள். கயிறு சாமி காலடியில் மருந்துப் பையோடே கிடந்தது. நான் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா பையிலிருந்து கயிற்றை எடுத்து, பையை என் கையில் திணித்துவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சை இறுக்குமுன், கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தளர்த்தினாள். பிறகுதான் முடிச்சுப் போட்டாள். தலைவர் பிளேடை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், கொஞ்ச நேரம் அவரால் குனிய முடியவில்லை. அம்மா நகர்ந்து உட்கார்ந்து, "அறுங்க" என்றாள்.

சில மாதம் கழித்து அம்மாவின் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்துக் கவுண்டர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டிரஸர் அந்தப் பக்கமாக வந்தார். தினம் எத்தனை முகத்தைப் பார்க்கிறவர், ஆனாலும் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எப்படிம்மா இருக்கீங்க? கயிறு கட்டியாச்சா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"கட்டிட்டேன்யா. நானேதான் கட்டுனேன். ரெண்டு வெரலு விட்டுக் கட்டுனேன்."

"நல்லதும்மா. அவரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறிப் போனார். அவர் முதுகு மறைகிறவரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "மண்டி போட்டு உக்காந்து அவுத்துச்சுடி அந்தப் புள்ள. அதுக்கிட்டப் போய் என்னத்தச் சொல்றது?" என்றாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் வாங்கி வந்தேன். அதே மாதிரி பிளாஸ்டிக் பை, அதே மலாய் எழுத்து. அம்மா மாத்திரை தீரத் தீர அந்தப் பைகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். நான் என்னுடையதைப் போடவில்லை. பத்திரம் என்று எழுதியிருக்கிறதே.